சட்டைப்பைக் கண்கள்

சங்கரன்கோவில் கோபுரத்தை ஊரே கும்பிடுவதற்காக நிமிர்ந்து பார்க்கும். ஞானரத்தினம் மட்டும் அது நூலுக்கு வருமா வராதா என்று பார்ப்பாள். இத்தனை பொம்மைகளும் ஒரு சட்டைப்பை அகலத்துக்குள் ஏறாது. படிப்படியாக நாலு கட்டு, உச்சியில் கலசம், அவ்வளவு போதும், பார்க்கிறவன் கோபுரம் என்று சொல்லிவிடுவான். ஒரு பஸ் கம்பெனி கண்டக்டர்களுக்கு அப்படித்தான் சின்னம் போட்டுக் கொடுத்தாள். பொம்மையெல்லாம் எங்கே போச்சு என்று முதலாளி கேட்டதற்கு, எல்லாம் உள்ளே சாமி கும்பிடப் போயிருக்கு என்று பதில் சொன்னாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வேலை சுத்தம்.

பாளையங்கோட்டையில் மிஷன்காரர்கள் நடத்திய தையல் பள்ளியில் படித்தவள். ரயில்வே கேட்டில் வேலை பார்த்த பிரபுதாசைக் கட்டிக்கொண்டு வந்து, சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தாள். எண்பதுகளின் தொடக்கம் அது. விசைத்தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கூடிக்கொண்டு போன காலம். பேண்டு செட், வாலிபால் கிளப், நர்சரி ஸ்கூல் என்று ஆளாளுக்குச் சின்னம் கேட்ட காலமும் அதுதான். காகிதத்தில் எதையும் வரையலாம், துணியில் அது நடக்காது. மெல்லிய கோடு நூலில் காணாமல் போகும். சின்ன எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி எறும்புக் கூட்டமாகிவிடும். அதனால் அவள் வேலையில் பாதி, படத்தில் இருப்பதை எடுத்துப் போடுவதுதான். வாலிபால்காரர்கள் கொண்டுவந்த புலிக்கு அவள் மீசையை எடுத்துவிட்டாள், அவர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். மீசை உங்களுக்கு இருக்கட்டும், புலிக்கு வேண்டாம் என்று அனுப்பிவைத்தாள்.

வரைந்ததை டிரேசிங் பேப்பரில் எடுத்து, கோடு நெடுக ஊசியால் துளை குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைத் தேய்ப்பாள். துளை வழியாக இறங்கும் நீலப் புள்ளிகள்தான் வழிகாட்டி. பிறகு மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தில் இறுக்கிய துணியைக் கையாலேயே நகர்த்திப் பூ வேலை போடுவாள். மகள் இன்பம் காலடியில் உட்கார்ந்து நூல் துணுக்குகளை நிறம் பிரித்துக்கொண்டிருப்பாள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இவள் ஒருத்திதான் தங்கினாள். அவள் தும்மினால்கூட ஞானரத்தினம் மிஷினை நிறுத்திவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அந்த வருஷம் சித்திரையில் வெள்ளத்துரை வீடு தேடி வந்தார். கழுகுமலை ரோட்டில் தறிக்கூடம் வைத்திருந்தவர். அவர் மகள் பூமாரி மூளைக்காய்ச்சலில் போய் வருஷம் திரும்பியிருந்தது. அவள் பெயரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார். ஜூனில் திறப்பு. படிக்க வரும் பிள்ளைகள் எல்லோருடைய சட்டைப்பையிலும் பூமாரியின் முகம் இருக்க வேண்டும் என்றார். இன்பத்தையும் அங்கேயே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

முகம் வேண்டாம் என்றுதான் ஞானரத்தினம் சொன்னாள். அந்த அளவுக்கு மூக்கு போட்டால் புண் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும், வாய் போட்டால் கோணிக்கொள்ளும், ஒரு பூவோ விளக்கோ போட்டுக்கொள்ளலாமே என்றாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. துண்டில் சுற்றி வைத்திருந்த போட்டோவை எடுத்து மிஷின் பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆறேழு வயசுப் பிள்ளை. பட்டுப்பாவாடை, தலை நிறையக் கதம்பம், கை வைத்த மரநாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. ஏதோ சரியில்லை என்று ஞானரத்தினத்துக்கு உடனே பட்டது. படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது கண்ணின் கருப்பு மட்டும் தனியாக மினுங்கியது. அது மை. மைக்கு அடியில், மூடிய இமையின் கோடு தெரிந்தது. உயிரோடு இருந்தவரை அந்தப் பிள்ளையை யாரும் போட்டோ எடுக்கவில்லை. செத்த பிறகு குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் இமைமேல் கண் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் பல வீட்டுச் சுவரில் இப்படிப்பட்ட படம் உண்டு, அதிசயமில்லை. ஆனாலும் அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினாள்.

மறுநாள் வேலை தொடங்கியது. மூக்கை எடுத்தாள், வாயை எடுத்தாள். நடு வகிடு, ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், ரெண்டு கண், மிச்சம் அவ்வளவுதான். கண்ணின் வடிவத்துக்குக் கோயில் வாசலில் நேர்ச்சைக்கு விற்கிற வெள்ளிக் கண்மலரை நினைத்துக்கொண்டாள். இலை மாதிரி இருக்கும், நூல் பொதிந்து நிரம்பும். சின்னம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது, தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆனால் வாயில்லாத முகத்தில் கண் மட்டும் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. வேலை மும்முரத்தில் இருந்தாள்.

சடை ஏறியது, ரிப்பன் ஏறியது. கண்ணுக்கு வந்ததும் நூல் அறுந்தது. ஊசியை மாற்றினாள், எண்ணெய் விட்டாள், திரும்பவும் கண்ணில் வந்து அறுந்தது. ஒருவழியாகப் போட்டு முடித்தால் ஒரு கண் அவளைப் பார்க்கிறது, மற்றது கதவைப் பார்க்கிறது. மையால் எழுதிய கண்ணைப் பார்த்து வரைந்தால் இப்படித்தான் என்று அவளாகவே ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். உயிருள்ள கண்ணைப் பார்த்துத்தான் கண் வரைய வேண்டும். மகளைக் கூப்பிட்டு ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

“அம்மா சொல்லுத வரைக்கும் கண்ண மூடாம இருக்கணும், என்ன?”

இன்பம் அப்படியே இருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் மூடவில்லை. ஞானரத்தினம் வரைந்தாள், துளை குத்தினாள், நீலம் தேய்த்தாள், மிஷினில் உட்கார்ந்தாள். நூல் ஒருதரம்கூட அறுபடவில்லை. ஊசி தானாகவே வழி தெரிந்து போகிற மாதிரி இருந்தது. துணியை வளையத்திலிருந்து எடுத்து உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இன்பம் இன்னும் ஜன்னலோரம் விழித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“என்னட்டி, இன்னும் அப்படியே இருக்க?”

“நீ மூடச் சொல்லலியேம்மா.”

ஞானரத்தினம் சிரித்துவிட்டாள். பைத்தியக்காரி, மூடிக்கோ என்று முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்போது சிரித்ததை நினைத்துப் பிறகு எத்தனையோ தரம் நொந்துகொண்டாள்.

வெள்ளத்துரை மாதிரித் துணியை வாங்கிப் பார்த்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. எம் மவா பாக்குதா ரத்தினம், இதே மாதிரி எல்லாப் பிள்ளைக்கும் போட்டுரு என்று சொல்லி, மாதிரியை மடித்துப் போட்டோவோடு எடுத்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். காலை வெயிலில் வரிசை நெடுக அத்தனை சட்டைப்பைகளிலும் ரெட்டைச் சடை, ரெட்டைக் கண். பிள்ளைகள் அசைய அசைய அவையும் அசைந்தன. ஞானரத்தினத்துக்குத் தன் வேலையைப் பார்த்துப் பெருமைப்படத்தான் ஆசை, ஆனால் நிமிர்ந்து பார்க்கவே என்னவோ செய்தது. வெள்ளத்துரையின் மனைவி ஆறுமுகத்தாயை அன்றைக்குத்தான் ஊர் வெளியில் பார்த்தது. மகள் போனதிலிருந்து யாரோடும் பேசாத பெண். அவள் வரிசையை ஒருதரம் பார்த்தாள். பிறகு நேராக இன்பத்திடம் போய், மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

“இது எம் மவா கண்ணு இல்ல. இவா கண்ணு” என்றாள்.

மைக்கில் ஒருத்தர் வாழ்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஞானரத்தினத்துக்கு அது எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே இன்பத்தின் போக்கு மாறியது. பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் வீட்டில் கட்டிலுக்கு அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றாள். அந்த வீட்டுக்கு அவள் போனதே இல்லை. ஞானரத்தினம் விசாரித்தாள். குட்டிகள் இருந்தன, கட்டிலுக்கு எதிரே கொடியில் பள்ளிச் சட்டை தொங்கியது. இன்னொரு நாள், வேறொரு பிள்ளையின் வீட்டில் மூக்காண்டி தாத்தா பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து பீடி குடிக்கிறார் என்றாள். அதுவும் உண்மையாக இருந்து, அந்த வீட்டில் பெரிய ரகளை ஆனது. எப்படித் தெரியும் என்று கேட்டால், சட்டை பாக்குதுல்லா என்பாள், வேறொன்றும் சொல்லத் தெரியாது. தைத்த கண்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரிகிறது, ஒன்றே ஒன்று மட்டும் எப்போதும் இருட்டாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டு, பிள்ளை பாயில் படுத்தாள். மூச்சு சீராக வந்தது. உறங்கிவிட்டாள் என்று விசிறியைக் கீழே வைத்துவிட்டு ஞானரத்தினம் குனிந்து பார்த்தாள். கண் ரெண்டும் திறந்திருந்தன. கூப்பிட்டாள், பதில் இல்லை. உலுக்கியதும் திடுக்கிட்டு விழித்தாள், ஆனால் இமைக்கவில்லை.

“மூடிக்கோ மக்கா. அம்மா சொல்லுதேன், மூடிக்கோ.”

“மூட வரல்லம்மா” என்றாள் பிள்ளை.

வயிற்றில் பூச்சி இருந்தால் பிள்ளைகள் அப்படித்தான் உறங்கும் என்று பிரபுதாஸ் மருந்து வாங்கி வந்தான். பூச்சி விழுந்தது, கண் மூடவில்லை. சர்ச்சு ஐயர் வந்து தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஞானரத்தினம் பேய் பிசாசை நம்புகிற குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே தைரியத்தை வரவழைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நாளுக்கு நாள் வாடினாள். கண்ணின் வெள்ளை சிவந்து, பார்வை மட்டும் கூர்ந்துகொண்டே போனது. இந்தப் பிள்ளையும் தங்காமல் போய்விடுமோ என்ற பயம் அடுப்படியில், மிஷினில், எங்கே போனாலும் அவளோடேயே வந்தது.

ஒருநாள் சாயங்காலம் பள்ளி விட்டு எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், இன்பம் வரவில்லை. ஞானரத்தினம் தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடினாள். யாரும் சொல்லாமலேயே எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளத்துரை நூல் எடுக்க விருதுநகர் போயிருந்தார். அவர் வீடு திறந்து கிடந்தது. உள் அறையில், போட்டோவில் பார்த்த அதே கை வைத்த நாற்காலியில், அதே பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையக் கதம்பத்தோடு இன்பம் சாய்ந்திருந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. எதிரே தரையில் ஆறுமுகத்தாய் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானரத்தினம் பாய்ந்து பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தாள். சூடு இருந்தது, துடிப்பும் இருந்தது.

“ஏம் மதினி, எம் பிள்ளைய என்ன செஞ்சீக?”

“நான் கூட்டிட்டு வரல்ல. அவாளா வந்தா” என்றாள் ஆறுமுகத்தாய். இரும்புப் பெட்டிக்குள் இருட்டாக இருக்கிறது, வெளியே எடுங்கள் என்று பிள்ளை வந்து நின்றாளாம். அந்தப் பெட்டிக்குள்தான் வெள்ளத்துரை மாதிரித் துணியைப் பூட்டி வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் ஆறுமுகத்தாய்க்கு உடுத்திப் பார்க்கத் தோன்றியிருக்கிறது. நிஜக் கண்ணோடு எம் மவா எப்படி இருந்திருப்பான்னு பாத்தேன் என்று மறைக்காமல் சொன்னாள்.

பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். குரல் உயரவே இல்லை.

“சூடு ஆறுததுக்குள்ள நான் இந்தக் கையால மூடி விட்ட கண்ணு. இவரு ஆளு வச்சு தொறந்து எழுதிட்டாரு. அன்னையில இருந்து அவா உறங்கல. நானும் உறங்கல. இப்ப ஊரு பூரா முழிச்சிக்கிட்டு இருக்கா. நூலுல தொறந்து விட்டவ நீதான? மூடத் தெரியுமா?”

மூடத் தெரியுமாவா! ஞானரத்தினம் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழி நெடுக அதே நினைப்புதான். மூடிய இமை என்பது ஒரே ஒரு வளைவு. கீழ்நோக்கித் தொய்ந்த ஒரு கோடு, தடிமனாக, பிசிறில்லாமல். நூலுக்கு அதைவிடத் தோதான கோடு கிடையாது. போட்டோவில் மைக்கு அடியில் அந்தக் கோடுதான் இருந்தது, அதைத்தான் அவள் முதலில் பார்த்ததும். எடுக்க வேண்டியதை எடுக்கத் தெரிந்தவள், இந்த ஒரு இடத்தில் கேட்டவர் மனசுக்காக எடுக்காமல் விட்டுவிட்டாள். மூக்கையும் வாயையும் கழித்தவளுக்கு அந்த மையைக் கழிக்கத் துணிச்சல் வரவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நூல் சாயம் இறங்குகிறது, திருத்த வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பொய்யைச் சொல்லி, சட்டைகளை எல்லாம் வரவழைத்தாள். கண்ணைப் பிரித்து எடுக்க முடியாது, பிரித்தால் துளை நின்றுவிடும், துளையும் பார்க்கும். அதனால் மேலேயே சந்தன நிற நூலை நிரப்பி, அதன்மேல் கருப்பில் ஒரு வளைவு போட்டாள். முதல் சட்டையை முடித்து நூலைக் கத்தரித்தபோது, மூலையில் படுத்திருந்த இன்பம், “ஒண்ணு அணைஞ்சிட்டும்மா” என்றாள். ஞானரத்தினம் அடுத்த சட்டையை எடுத்து வளையத்தில் இறுக்கினாள். ஒவ்வொரு சட்டைக்கும் பிள்ளை அதையே சொன்னாள். கடைசிச் சட்டையும் முடிந்தது.

பிள்ளையின் கண் மூடவில்லை.

“இருட்டுல இருக்கது இன்னும் முழிச்சிருக்கு” என்றாள்.

சட்டைகளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில் வெள்ளத்துரை வந்தார். பிள்ளைகளின் சட்டையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எம் மவா கண்ண மூட நீ யாரு என்று வாசலில் நின்று கேட்டார். தெரு கூடியது. ஞானரத்தினம் எதிர்த்துப் பேசவில்லை, நீளமான அந்த வாய் அன்றைக்கு அடங்கிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக் காட்டி, அந்த மாதிரித் துணியை மட்டும் கொடுங்கள் அண்ணாச்சி என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் இன்பத்தின் கண்ணைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். அவருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும். ஆனால், அது ஒண்ணுலதான் அவா என்னையப் பாக்குதா, தர மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அன்று மதியம், வெயிலில் தெரு ஓய்ந்து கிடந்த நேரத்தில், ஆறுமுகத்தாய் வந்தாள். பெட்டிச் சாவியும் மாதிரித் துணியும் அவள் முந்தானையில் இருந்தன. ஞானரத்தினம் துணியை வாங்கி வளையத்தில் இறுக்கி, மிஷினுக்கு நகர்த்தினாள். ஆறுமுகத்தாய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மொத மூடுனது நான்தான். நானே மூடுதேன்.”

அவள் ஊசி பிடித்துப் பழகாதவள். ஞானரத்தினம் நூல் கோத்துக் கொடுத்தாள். தையல் கோணலும் மாணலுமாகப் போனது, ரெண்டு தரம் விரலில் குத்திக்கொண்டாள். தையல் பள்ளியில் இதைக் காட்டியிருந்தால் பிரம்பால் அடித்திருப்பார்கள். ஞானரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு கண் முடிந்தது. அடுத்த கண்ணின் கடைசித் தையலை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, ஆறுமுகத்தாய் அந்த வளைவை விரலால் ஒருதரம் தடவினாள்.

“உறங்கு மக்கா” என்றாள்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பாயில் இன்பம் ஒருக்களித்துக் கிடந்தாள். இமைகள் மூடியிருந்தன.

அந்தச் சின்னம் பிறகு பல வருஷம் அப்படியே இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தூங்குமூஞ்சி ஸ்கூல் என்று கேலி பண்ணுவார்கள். சுவரில் இருந்த பூமாரியின் போட்டோவில் கண்ணின் மை தானாகவே உதிர்ந்துவிட்டது என்றும் சொல்வார்கள். வெள்ளத்துரை அதைத் திரும்ப எழுதச் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு ஆறுமுகத்தாய் எழுந்து போகவில்லை. பாயோரம் உட்கார்ந்து மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போகப் போக அவள் முகம் வெளிறியது.

“இவா முழிச்சிருவாள்லா?” என்று கேட்டாள்.

“முழிச்சிருவா மதினி.”

“முழிக்கது வரைக்கும் இருக்கட்டா?”

இருங்க என்றாள் ஞானரத்தினம். வெயில் தாழ்ந்தது, தென்காசிப் பக்கம் போகிற ரயில் கூவிவிட்டுப் போனது. யாரும் விளக்கேற்றக்கூட எழவில்லை. பொழுது சாயும் நேரத்தில் இன்பம் நெளிந்து, கொட்டாவி விட்டு, கண்ணைத் திறந்தாள். இமைத்தாள். திரும்பவும் இமைத்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் பயந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள்.

“இது யாரும்மா?” என்றாள்.

ஆறுமுகத்தாய் அந்தக் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாதிரித் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டுக்குப் போனாள்.